தாத்தாவோட பார்க்கரும் நான் ஊத்துன பசையும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. கடைப்பக்கம் வரவே முடியல. போன பதிவுல பரோட்டாவைப் பத்தி எழுதினதுக்கு வந்த பின்னூட்டங்களுக்கே இன்னும் பதில் போடல, கோச்சுக்காதீங்க. இந்தப் பதிவு பரோட்டா மாதிரி எல்லாருக்கும் பிடிக்கிற சமாச்சாரம் கிடையாது. பழைய மை பேனாவை ரிப்பேர் பண்ணும்போது மரையில என்ன பசை போடணும்ங்கறது தான் மேட்டர். "இதெல்லாம் ஒரு மேட்டரா?"ன்னு கேக்குறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா வீட்டு பீரோவுல தாத்தா பேனா ஒண்ணு கிடக்குன்னா கொஞ்சம் இருந்து படிச்சிட்டுப் போங்க. நான் ஒரு பேனாவைக் கொன்ன கதை இது.

எங்க தாத்தா சிவகாசி பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவரு. (வெளியூர் மக்களுக்கு: எங்க ஊர்ல ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் தான்.) அவருகிட்ட ஒரு பார்க்கர் 51 இருந்தது. கொழும்புல கடை வச்சிருந்த சொந்தக்காரர் ஒருத்தர் ஊருக்கு வந்தப்போ குடுத்தது. இங்கிலாந்துல செஞ்சது, கருஞ்சிவப்பு உடம்பு, வெள்ளி மாதிரி மங்கலா மின்னுற மூடி. எத்தனை வருஷக் கூலிக் கணக்கை எழுதுச்சோ தெரியாது. வேலையை விட்டு நின்ன பிறகும் தினம் ராத்திரி வீட்டுக் கணக்கை அதுல தான் எழுதுவாரு. பால் இவ்வளவு, காய் இவ்வளவு, பேரனுக்கு பஸ் காசு இவ்வளவு. பக்கத்துலயே ஒரு வரி சேதியும் இருக்கும். "இன்று மழை. மோட்டார் ரிப்பேர்." அந்த மாதிரி.

2015. நான் இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம். அந்த வயசுல நமக்குத் தெரியாதது எதுவும் உலகத்துல கிடையாதுல்ல? பேனாவுல மை கசியுது, விரலெல்லாம் நீலம், சட்டைப் பையில ஒரு வட்டம். தாத்தா பேனாவைத் துணியில சுத்திப் பிடிச்சு எழுதிக்கிட்டு இருந்தாரு. "குடுங்க தாத்தா, நான் சரி பண்றேன்"னு வாங்கினேன். நிப்பை மூடிக்கிட்டு இருக்கிற முன்பக்கக் கூட்டைத் திருகினா லேசா கழண்டு வந்துடுச்சு. உள்ள மரையில ஏதோ காஞ்சு போன பழுப்புப் பொடி. அழுக்குன்னு நினைச்சு சுரண்டி எடுத்துட்டேன். (அது அழுக்கு இல்ல. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவே.) அப்புறம் பெட்டிக்கடையில அஞ்சு ரூபாய்க்குத் தொங்குமே, விரலோட விரலை ஒட்டுற ஒரு சொட்டுப் பசை, அதை மரையில ஊத்தி இறுக்கித் திருகினேன். கசிவு நின்னுடுச்சு. தாத்தாவுக்கு ஏக சந்தோஷம். எனக்கு அதைவிட.

மறுநாள் காலையில பார்த்தா கருஞ்சிவப்புக் கூடு மேல பால் ஆடை படிஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு படலம். ரெண்டாவது நாள் பேனா திக்கித் திக்கி எழுதுச்சு. நாலாவது நாள் எழுதவே இல்ல. தண்ணியில போட்டேன், வெந்நீர்ல போட்டேன். கூட்டைத் திருகிப் பார்த்தேன். இடுக்கியை வச்சும் திருகினேன், அந்தப் பல்தடம் இன்னும் இருக்கு. ஒண்ணும் நடக்கல.

என்ன நடந்துச்சுன்னு இப்போ தெரியும். பார்க்கர் 51ல நிப்புக்கு அடியில, கூட்டுக்குள்ள, பிளாஸ்டிக்ல சீப்பு மாதிரி அடுக்கடுக்கா மெல்லிசான பள்ளம் வெட்டின ஒரு துண்டு உண்டு. கூடுதலா வர்ற மையைப் பிடிச்சு வச்சிருந்து தேவைப்படும்போது குடுக்கிறது அதோட வேலை. எட்டாங்கிளாஸ்ல படிச்ச தந்துகிக் கவர்ச்சி தான். மை எந்த விதியால அந்தப் பள்ளத்துக்குள்ள ஏறுமோ, தண்ணியா இருக்கிற அந்தப் பசையும் அதே விதியால ஏறும். நான் மரையில ஊத்தினேன், அது நேரா பேனாவோட நுரையீரலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. மேல தெரிஞ்ச வெள்ளைப் படலம் பசையோட ஆவி படிஞ்சது.

தாத்தா என்ன சொன்னாருன்னா, "எய்யா, விடு. அதுக்கும் வயசாச்சு." அவ்வளவு தான்.

அதுக்கப்புறம் பால்பாயின்ட் பேனாவுல எழுதினாரு. மை பேனாவை பேப்பர் மேல சும்மா நகர்த்தினா போதும், எழுதும். பால்பாயின்ட்டை அழுத்தணும். எண்பத்தஞ்சு வயசு கைக்கு அந்த அழுத்தம் பெரிய வேலை. கணக்கு நோட்டுல அந்த மாசத்துல இருந்து எழுத்து சுருங்கிக்கிட்டே வந்துச்சு. முதல்ல சேதி வரி நின்னுச்சு, அப்புறம் பொருள் பேரு நின்னுச்சு, கடைசியில வெறும் தொகை மட்டும். 2017ல தாத்தா போயிட்டாரு. வயசானா கை தளரும் தான், பேனா இருந்திருந்தாலும் எழுத்து சுருங்கியிருக்கலாம். ஆனா நோட்டைப் புரட்டுறப்போ எந்தப் பக்கத்துல பேனா மாறுதுன்னு எனக்குத் தெரியும்ல?

சரி, சோக கீதம் போதும், மேட்டருக்கு வருவோம். 2020 ஊரடங்குல விருதுநகர் வீட்டுல உட்கார்ந்து வேலை பார்த்தப்போ தான் பழைய பேனா பைத்தியம் பிடிச்சது. இதுவரைக்கும் ஒரு இருபது பேனாவைத் திறந்து மூடியிருப்பேன். அந்த அனுபவத்துல என்னோட கட்சி இது தான்: பேனா மரைக்குப் பசை தேர்ந்தெடுக்கிறப்போ "எவ்வளவு நல்லா ஒட்டும்?"னு கேக்கக் கூடாது. "நாளைக்கு எப்படித் திறக்கும்?"னு தான் கேக்கணும். நம்ம பாஷையில சொல்லணும்னா, ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட் பண்ணக் கூடாது.

"நல்லா ஒட்டிட்டா எதுக்குத் திறக்கணும்?"னு ஒரு நண்பர் கேட்டாரு. திறந்து தான் ஆகணும் தல. மை காஞ்சா அடைக்கும், கழட்டிக் கழுவணும். ரப்பர் பை வச்ச பேனான்னா அந்த ரப்பர் ஒரு நாள் உளுத்துப் போகும். பார்க்கர் 51லயே 1941ல வந்த முதல் ரகத்துக்குப் பின்பக்கம் ஒரு ரப்பர் சவ்வு உண்டு, அதை மாத்தாம ஓட்ட முடியாது. 1948க்கு அப்புறம் வந்த ரகத்துல பிளாஸ்டிக் பை. அது கில்லாடி, எழுபது வருஷம் தாண்டியும் நிறைய பேனாவுல நல்லா இருக்கு. ஆனா அதுலயும் அந்தச் சீப்புத் துண்டைக் கழுவக் கூட்டைக் கழட்டணும். கம்பெனிக்காரன் கழட்டுறதுக்குன்னு தான் மரையே போட்டிருக்கான். இல்லன்னா ஒரேயடியா ஒட்டி அனுப்பியிருப்பானே?

ஒரு மூட்டைத் திறக்க ரெண்டே வழி தான். ஒண்ணு சூடு, இன்னொண்ணு கரைக்கிற திரவம். நான் ஊத்துன பசையை எடுத்துக்குவோம். அது அசிட்டோன்ல கரையும். நெயில் பாலிஷ் அழிக்கிறது. ஆனா பார்க்கர் 51 உடம்பு அக்ரிலிக், அசிட்டோன் பட்டா பசைக்கு முன்னாடி அது கரைஞ்சிடும். சரி, சூடு காட்டலாமான்னா, அந்தப் பசை விட்டுக்குடுக்கிற சூட்டுக்குப் போறதுக்குள்ள அக்ரிலிக் இளகி வளைய ஆரம்பிச்சிடும். நூறு டிகிரியை ஒட்டித்தான் அதோட எல்லை. ஆக ரெண்டு வாசலையும் நானே பூட்டி சாவியைக் கிணத்துல போட்டுட்டேன். தண்ணிக்குழாய்க்குப் போடுற எபாக்ஸிக்கும் இதே கதை தான். நட்டு போல்ட்டுக்குப் போடுற பசையும் வேணாம். அது உலோகத்துக்குன்னு செஞ்சது, பிளாஸ்டிக்ல பட்டா சிலது விரிசல் விடும்.

அப்போ கம்பெனிக்காரன் என்ன போட்டான்? நான் அழுக்குன்னு சுரண்டினேனே, அந்தப் பழுப்புப் பொடி. ஷெல்லாக். நம்ம அவலரக்கு மக்களே, அவலரக்கு!

இது எனக்குத் தெரிய வந்த அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அரக்குப் பூச்சி மரக்கொப்புல சுரக்குறது கொம்பரக்கு. அதைச் சுத்தம் பண்ணி உருக்கி அவல் மாதிரி தட்டையா எடுத்தா அவலரக்கு. பேரே எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. உலகத்துக்கே அரக்கு சப்ளை பண்றதுல நம்ம நாடு தான் முன்னணி. ராஞ்சி பக்கத்துல நாம்கும்ல அதுக்குன்னே 1924ல ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சிருக்காங்க. பழைய கிராமஃபோன் தட்டு ஷெல்லாக், தபால் பார்சல் முத்திரையில அரக்கு, பத்தர் நகையைக் குச்சியில நிறுத்திச் செதுக்குறது அரக்கு மேல. துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிக்குடுத்த வீடும் அதே ஐட்டம். நல்லா பத்திக்கும்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. வாணவேடிக்கை வேதியியல்லயும் அரக்கு உண்டு, வண்ண ஒளிக் கலவைகள்ல எரிபொருளாவும் இருக்கும், துகளைப் பிடிச்சு வைக்கிற பசையாவும் இருக்கும்.

இதுல எனக்கு உறைச்சது என்னன்னா, எங்க ஊரே ஒரு பசை ஊரு. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தீக்குச்சி மருந்தை குச்சி நுனியில பிடிச்சு வைக்கிறது வஜ்ஜிரம், மிருகத் தோல் எலும்புல இருந்து எடுக்கிற பசை. வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துறதுக்கு மாவுப் பசை. நோட்டு பைண்டிங் பண்றவங்க மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போடுவாங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பசை. குழாய் சுத்துற எங்க தெரு அக்காகிட்ட வஜ்ஜிரத்தைக் குடுத்தா மூஞ்சியில விட்டெறிவாங்க. தாத்தாவோட கூலிப் பேரேடே மயில்துத்தம் போட்ட மைதாப் பசையில தச்சது தான். இந்த ஊர்ல பொறந்து, பொறியியல் படிச்சு, எல்லாத்துக்கும் ஒரே பசைன்னு பெட்டிக்கடைக்குப் போனேன் பாருங்க, என்னை என்ன சொல்றது. அவ்வ்வ்...

சரி, அவலரக்கு எப்படி? ஸ்பிரிட்ல கரைச்சு மரையில ஒரு சுத்து லேசாத் தடவி மூடிட்டா போதும். எழுபத்தஞ்சு, எண்பது டிகிரி வாக்குல இளகும். ஹேர் டிரையரை வச்சு பொறுமையா சூடு காட்டினா விட்டுக்குடுக்கும். எந்த ஊர்லயும் மரச்சாமானுக்கு பாலீஷ் போடுறவங்ககிட்ட கிடைக்கும். எங்க தெரு முக்குல பட்டறை வச்சிருக்கிற அண்ணாச்சிகிட்ட போய் "கொஞ்சம் அவலரக்கு வேணும் அண்ணாச்சி, பேனாவுக்கு"ன்னு கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துட்டு, ஒரு பொட்டலம் மடிச்சுக் குடுத்து, "கரைச்சு வச்சா ஆறு மாசத்துக்கு மேல வைக்காதப்பா, அப்புறம் காயாது"ன்னாரு. நூத்துக்கு நூறு உண்மை. ஸ்பிரிட்டோட ரொம்ப நாள் கிடந்தா அரக்கு அதோட சேர்ந்து மாறிடும், தடவினா பிசுபிசுன்னு நிக்கும், இறுகாது. வெளிநாட்டுப் புத்தகத்துல தேடித் தேடிப் படிச்சதை அண்ணாச்சி வெத்தலை மென்னுக்கிட்டே சொல்லிட்டாரு.

ரப்பர் பையைக் கழுத்துல மாட்டுறதுக்கு அவலரக்கு தான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா மரைக்கு? இங்க தான் எனக்கும் பழமைவாதிகளுக்கும் தகராறு. "கம்பெனியே ஷெல்லாக் தான் போட்டான், அப்புறம் என்ன?"ங்கறாங்க. போட்டான் தான். ஆனா கம்பெனி கையில இருந்தது புதுப் பேனா. நம்ம கையில இருக்கிறது எழுபது வயசுக் கிழவர். எண்பது டிகிரி சூட்டை ஒவ்வொரு தடவையும் அவரு தாங்கணும். பழைய பிளாஸ்டிக் சுருங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அரக்கு நல்லா காஞ்சுட்டா கண்ணாடி மாதிரி கெட்டி. சூடு சரியா ஏறாம அவசரப்பட்டுத் திருகினா அரக்கு விடாது, கூடு தான் பிளக்கும். இன்னொண்ணு, அரக்கு காரத்துல கரையும். பேனா கழுவ அம்மோனியா கலந்த திரவம் பாவிக்கிறாங்க பாருங்க, அது மூட்டை மெதுவா அரிக்கும். இதுல ஒரு வேடிக்கை, பார்க்கர் 51க்குன்னே அந்தக் காலத்துல விட்ட சீக்கிரம் உலர்ற மையும் காரம் அதிகமானது. வேற பேனாவுல ஊத்தாதீங்கன்னு அவனே எச்சரிச்சு வித்தான்.

அதனால மரைக்கு என்னோட ஓட்டு ரோசினுக்கு. பைன் மரத்துப் பிசின். சால்டரிங் பண்ணும்போது தொட்டுக்குவோமே, வயலின் வில்லுல தேய்ப்பாங்களே, அது. தனியா இருந்தா ரோசின் பொருபொருன்னு உடையும். கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்துச் சூடாக்கினா ஆறினதும் கெட்டித் தேன் மாதிரி, இழுத்தா நூலா வர்ற பதத்துல நிக்கும். முழுசா காயவே காயாது, அது தான் அதோட பெருமை. மரை இடுக்கை நிரப்பும், மையை விடாது, அரக்கை விடக் கம்மியான சூட்டுலயே விட்டுக்குடுக்கும். கழட்டி, துடைச்சு, அதே மாதிரி திரும்பப் போடலாம். வெளிநாட்டுல சின்ன புட்டியில யானை விலைக்கு விக்கிறான். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர் போன விருதுநகர்ல இருந்துக்கிட்டு விளக்கெண்ணெய் கலந்த சரக்கை டாலர் குடுத்து வாங்கவா? ஹிஹி, நானே செஞ்சேன்.

செய்யிறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல. கொதிக்கிற தண்ணியில ஒரு எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி அதுக்குள்ள ரோசினைப் போட்டு இளக விட்டு, விளக்கெண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கிளறணும். நேரடியாத் தீயில வைக்காதீங்க, ரோசின் பத்திக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்க, புகை நெஞ்சைக் கரிக்கும். எண்ணெய் கூடிட்டா குழகுழன்னு பிடிமானமே இருக்காது, குறைஞ்சா உடையும். ஒரு சொட்டைத் தட்டுல விட்டு ஆற வச்சு விரல்ல இழுத்துப் பாருங்க. பாகு பதம் பார்க்கிற மாதிரி தான். எங்கம்மா அதிரசத்துக்குப் பார்க்கிற பதத்தை எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க, மூணாவது தடவை சரியா வந்துச்சு. அந்த டம்ளரை மட்டும் திரும்ப அடுப்படியில சேர்க்கல. :-)

குறை இல்லாமயா? இருக்கு. எங்க ஊர் மே மாச வெயில்ல பூட்டி வச்ச காருக்குள்ள பேனாவை விட்டா இந்தக் கலவை இளகும். சித்திரை வெயில்ல பைக் டேங்க் கவர்ல பேனா வச்சிருக்கிற ஆளா இருந்தா அவலரக்கே போடுங்க, நான் சண்டைக்கு வரல.

இதெல்லாம் அடிக்கடி திறக்காத மூட்டுக்கு. நம்ம ஊர்ப் பேனா பெரும்பாலும் கழுத்தைக் கழட்டி மையை நேரா உடம்புக்குள்ள ஊத்துற ரகம். ராஜமுந்திரி ரத்னம், திருவள்ளூர் ரங்கா, எபனைட்டைக் கடைஞ்சு செய்யிற பேனா எல்லாம் இந்த ஜாதி தான். பள்ளிக்கூடத்துல பல்லால கடிச்சுக் கழுத்தைத் திருகினவங்க கை தூக்குங்க. அதுல வாரம் ஒரு தடவை மை ஊத்தணும், அரக்கோ ரோசினோ போட்டா கதை கந்தல். அதுக்குப் பசையே வேணாம். ஒரு துளி சிலிகான் கிரீஸ் போதும். எங்க காலத்துல நூல் சுத்துவோம், மெழுகுவர்த்தியைத் தேய்ப்போம், எதுவும் இல்லன்னா வாசலின். நூலும் மெழுகும் பாவம், ஒண்ணும் பண்ணாது, ரொம்ப நாள் தாங்காது அவ்வளவு தான். வாசலின் ரப்பருக்கு ஆகாது, பை வச்ச பேனா பக்கமே கொண்டு போகாதீங்க. குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப்பை இறுக்கிச் சுத்துறதும் தப்பு. அது ஆப்பு மாதிரி உள்ள உட்கார்ந்து நாளடைவுல உடம்பை விரிசல் விட வைக்கும்.

சிலிகான் கிரீஸ்னு ஹார்டுவேர் கடையில கேட்டா ஒரு துப்பாக்கியில மாட்டுற நீளக் குழாயை எடுத்துக் குடுப்பாங்க. வாங்கிடாதீங்க. அது பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல வைக்கிற சிலிகான், காஞ்சா ரப்பர் ஆயிடும். நான் வாங்கிட்டு வந்து மூடியைத் திறந்தா காடி வாடை. பேரு ஒண்ணா இருக்குங்கறதுக்காக ஆள் ஒண்ணாயிடுமா? தண்ணி மோட்டார், மீன் தொட்டி பம்ப் வளையத்துக்குப் போடுற கிரீஸ்னு தெளிவாக் கேளுங்க. அதையும் மரையோட நிறுத்திக்கணும். நிப்புக்கு அடியில இருக்கிற நாக்குல பட்டா மை ஒட்டாது. கிரீஸ் பட்ட மரையில அப்புறம் அரக்கும் பிடிக்காது, நல்லா சோப்புப் போட்டுக் கழுவினா தான் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். கசிவுன்னு சொல்லி என்கிட்ட வந்த பேனாக்கள்ல பாதிக்கு மரையில கசிவே இல்ல. மை பாதிக்குக் கீழ இறங்கினதும் மேல நிறைய காத்து இருக்கும். கைச் சூடு பட்டா காத்து விரிஞ்சு மையைப் பிடிச்சுத் தள்ளும், நிப்பு வழியா சொட்டும். இதுக்கு மரையில எதைத் தடவினாலும் நிக்காது. பேனாவைத் துடைச்சு, மையை ஊத்தி, மூட்டைச் சுத்தி வெள்ளைத் தாளை வளையமா சுத்தி ஒரு மணி நேரம் வச்சுப் பாருங்க. தாள்ல நீலக் கோடு விழுந்தா தான் மரை குத்தவாளி.

தெருக் கோவில் கும்பாபிஷேகத்துக்கு அஷ்டபந்தனம் இடிக்கிறதை சின்ன வயசுல வேடிக்கை பார்த்திருக்கேன். சாமிக்கும் பீடத்துக்கும் இடையில சாத்துற மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய்னு எட்டுச் சாமான் போட்டு மணிக்கணக்கா இடிப்பாங்க. அரக்கு, பிசின், அதை இளக்கமா வைக்கிற ஒரு கொழுப்பு. நம்ம பேனா ஃபார்முலாவை ஒரு பெரிய உரல்ல பார்த்த மாதிரி இருக்குல்ல? பன்னெண்டு வருஷம் கழிச்சு அதை எடுத்துட்டுப் புதுசா சாத்தணும்ங்கறதையும் முன்கூட்டியே கணக்குல வச்சிருக்காங்க. எண்ணெய், தண்ணி, பால் எல்லாம் கொட்டுற இடத்துல, திரும்ப எடுக்கத் தோதான மருந்தா பார்த்து வச்ச ஆளு யாரோ, அவரு நல்ல ரிப்பேர்காரர்.

இணையத்துல "ரெண்டே நிமிஷத்துல பேனா கசிவை நிறுத்துங்க"ன்னு ஓடுற வீடியோக்கள் மேல எனக்கு அதனால தான் கடுப்பு. ரெண்டு நிமிஷம் கழிச்சு கசியல தான். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பேனாவைத் திறக்கப் போறவன் யாருன்னு அவங்களுக்குக் கவலை இல்ல. ஏலத்துல, பழைய சாமான் கடையில வாங்குற பேனாவுல நாலுல ஒண்ணு இப்படித்தான் வருது எனக்கு. மூட்டுல வெள்ளைப் படலம் பார்த்தாலே கீழ வச்சிடுவேன். யாரோ ஒரு பேரன் பார்த்த வேலை.

இப்போ நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். எந்தப் பேனாவை மூடினாலும் ஒரு துண்டுத் தாள்ல தேதி, மரையில ரோசின், பையில அவலரக்கு, எவ்வளவு சூட்டுல திறந்ததுன்னு எழுதி அந்தப் பெட்டியிலயே போட்டுடுவேன். கோடுல கமென்ட் எழுதச் சொன்னா அழுவேன், இதுல மட்டும் ஒழுங்கு.

தாத்தாவோட பார்க்கர் 51 என் மேசை இழுப்பறையில தான் இருக்கு. மாத்துக் கூடும் மாத்துச் சீப்பும் கிடைக்கும், பழசை அறுத்து எறிஞ்சுட்டுப் புதுசு போட்டா எழுதும். ரெண்டு தடவை ரம்பத்தைக் கையில எடுத்துட்டு வச்சுட்டேன். கருஞ்சிவப்புக் கூட்டுல, இடுக்கித் தடத்துக்குக் கொஞ்சம் மேல, அவரு கட்டைவிரல் வருஷக்கணக்காத் தேய்ச்சு மழுங்கின ஒரு இடம் இருக்கு. அறுக்காம திறக்குறதுக்கு யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க. "சும்மா அறுங்க பாஸ்"னு சொல்றதுக்கு வர்றவங்க, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க.

டிஸ்கி: கோடு கோடா, முத்து மாதிரி மின்னுற பழைய பேனாக்கள் செல்லுலாய்டா இருக்கலாம். அது வெடிபஞ்சுக்கு ஒண்ணு விட்ட தம்பி. லைட்டரோ மெழுகுவர்த்தியோ காட்டிச் சூடு பண்ணாதீங்க, கொதிநீர்ல போட்டாலும் வளைஞ்சிடும், அசிட்டோன் பட்டா கரையும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடிச்சு, உதட்டுல தொட்டுப் பார்த்தா சுடாத அளவுக்குத் தான். சிவகாசிக்காரங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்காக.